பாட்டிலைக் கழுவப் போடும் முன் ஒரு நிமிடம்

செடித்துண்டைப் பாட்டிலில் வைத்து வளர்க்கும் திசு வளர்ப்பு அறையில் கன்டாமினேஷன், அதாவது பூஞ்சையோ பாக்டீரியாவோ, வந்துவிட்டால் முதல் வேலையாக பாட்டில்களை அள்ளிக்கொண்டு போய்க் கழுவப் போட்டுவிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். இப்போது செய்வதில்லை, ஏனென்றால் அது எந்த இடத்தில் முளைத்திருக்கிறது என்று பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

செடித்துண்டுக்குத் தள்ளி, மீடியத்தின் (செடிக்கு உணவான கூழ்) மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூஞ்சை பஞ்சு மாதிரி வந்தால் காற்றையோ மூடியையோ நம் கையையோ சந்தேகப்படலாம். துண்டை ஒட்டியே கிளம்பினால் கிருமி நீக்கும் ப்ளீச்சான ஹைப்போகுளோரைட்டில் அலசியது போதவில்லை. அதில் சோப்பு மாதிரி ஈரம் பரவ வைக்கும் ட்வீன் 20 இரண்டு சொட்டு சேர்க்காவிட்டால் ரோமத்துக்கும் இலையிடுக்குக்கும் மருந்து போய்ச் சேராது. செடியே வைக்காத பாட்டிலிலும் வந்தால் மீடியத்தை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பாருங்கள். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம் என்று மனப்பாடமாகச் சொல்வோம், ஆனால் அது சின்னப் பாட்டில் கணக்கு, ஒரு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டவே கூடுதல் நேரம் பிடிக்கும்.

பாக்டீரியாதான் ஏமாற்றுக்காரன். செடிக்குள்ளேயே குடியிருப்பவை மூன்று சப்கல்ச்சர் (செடியைப் புது மீடியத்துக்கு மாற்றுவது) வரை சத்தமில்லாமல் இருந்துவிட்டு நான்காவதில் தலைகாட்டும். பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள், தண்டு ஊன்றிய இடத்தைச் சுற்றி நீர்த்த பால் கலந்தது போல மங்கலாக இருந்தால் அதுதான். செடிகளுக்கான எம்எஸ் மீடியத்தில் சிலது கண்ணுக்கே தெரியாது, அதனால் பெருக்கத் தொடங்கும் முன்பே அடித்தண்டை நறுக்கி பாக்டீரியா நன்றாக வளரும் நியூட்ரியன்ட் அகாரில் தேய்த்துப் பார்த்துவிடுவது நல்லது. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அடங்கும், பல நேரம் சாகாது. மருந்தை நிறுத்தியதும் திரும்பி வரும்.

ஒருமுறை ஒரே மேஜையில் செய்த பாட்டில்கள் மட்டும் வரிசையாகக் கெட்டன. தாய்ச்செடியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் ஃபோர்செப்ஸ் (இடுக்கி) முக்கும் ஆல்கஹால் ஜாடி கண்ணில் பட்டது, ஒரு வாரமாக மாற்றாமல் அடியில் அகார் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. 70 சதவீத ஆல்கஹாலில் பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கடினமான உறங்கு நிலை) சாகாது, லேசாகத் தீயில் காட்டினாலும் தப்பித்துவிடும். ஜாடியைத் தினமும் மாற்றி, 250 டிகிரி சூட்டில் இருக்கும் கண்ணாடி மணிகளுக்குள் கருவியைச் செருகும் ஸ்டெரிலைசருக்கு மாறினோம், அப்புறம் அந்த மேஜையில் தொல்லையில்லை.

சரி, பார்த்து முடித்த பாட்டிலை அங்கேயே திறந்துவிடாதீர்கள். மூடியோடு ஆட்டோகிளேவில் போட்டு எடுத்த பிறகு கழுவுங்கள்.