சினிமா படிக்கப் போகும் முன் கமரா வாங்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன கிழமையும் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். வவுணதீவுப் பக்கம். மகன் ஏ.எல். முடித்தவன், சினிமா படிக்கப் போகிறானாம். அவன் தோளில் ஒரு பெரிய வீடியோ கமரா. மினி டிவி (MiniDV) என்கிற சின்னக் கசெற் போடுகிற வகை. விளம்பரம் பார்த்து, தாயின் காப்பை அடகு வைத்து வாங்கியிருக்கிறார்கள். "சினிமாவுக்குப் பெரிய கமராதானே தம்பி வேணும் எண்டாங்க" என்றார் தாய். என்னிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: இதற்குக் கசெற் எங்கே வாங்கலாம்?

நான் என்ன சொல்ல? மினி டிவி 1995இல் வந்த சங்கதி. ஒரு கசெற்றில் ஒரு மணித்தியாலம் பதியலாம். அதை லப்டொப்புக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புத் துளை வேண்டும். இன்று விற்கிற லப்டொப் எதிலும் அது இல்லை. கொழும்பில் அதை விற்றவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது.

மட்டக்களப்பு நகரில் கமரா திருத்துவதும் வாடகைக்குக் கொடுப்பதும் என் தொழில். சனி, ஞாயிறில் பிள்ளைகளுக்கு ஒளிப்பதிவு சொல்லிக் கொடுக்கிறேன். முகம் மாறுகிறதே தவிரக் கதை மாறுவதில்லை. கட்டாரில் இருக்கிற அண்ணன் அனுப்பிய காசு, சீட்டுக் காசு, அடகு வைத்த நகை, எல்லாம் ஒரு பொடியிலும் (லென்ஸ் இல்லாத கமரா உடல்) லென்ஸிலும் போய் முடங்குகிறது. சில மாதத்தில் அதே கமரா "என்ன விலை போகும் அண்ணே?" என்று என் மேசைக்கு வருகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒன்று. பட்டப்படிப்பு மட்டத்தில் சினிமா சொல்லிக் கொடுக்கிற இடங்களில் கமரா அவர்களிடமே இருக்கும். 1960இல் புனேயில் தொடங்கிய இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறவரிடம் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் கேட்பார்கள், கமராவின் மொடல் கேட்க மாட்டார்கள். அதன் முதுகலைப் படிப்புகளுக்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும் என்பதையும் யாரும் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஏ.எல். எழுதிய கையோடு கமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது. கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தைப் பற்றியாவது விசாரித்தீர்களா என்று கேட்டால், பாதிப் பேர் "அங்க டான்ஸும் பாட்டும்தானே" என்கிறார்கள். கட்புல, தொழில்நுட்பக் கலைகளுக்கு அங்கே ஒரு துறையே இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

அப்புறம், பிள்ளை எதைப் படிக்கப் போகிறான் என்று கேளுங்கள். எடிற்றிங் என்றால் கமராவே வேண்டாம், நல்ல லப்டொப் போதும். ஒலிப்பதிவு என்றால் ஒரு ரெக்கோடரும் ஹெட்போனும். கதை எழுத, இயக்க ஆசை என்றால் கையில் இருக்கிற போனில் ஐந்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்துக் காட்டட்டும். முடித்துக் காட்டினால் மறுகா பார்க்கலாம்.

சரி, ஒளிப்பதிவுதான் என்று உறுதியாகச் சொல்கிறான். வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்டில் (போட்டோ) கமராவா, வீடியோ கமராவா?

என் பதில் ஸ்டில் கமரா. எல்லாவற்றையும் கையால் மாற்றக்கூடிய, லென்ஸ் கழற்றிப் பூட்டக்கூடிய ஒன்று. பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஒளியை அளக்கவும், சட்டகத்துக்குள் எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கவும் போட்டோதான் நல்ல வாத்தியார். வீடியோவில் பிழை ஓடி மறைந்துவிடும். போட்டோவில் அது அப்படியே உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும். ஒளிப்பதிவுக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் பல இடங்களில் போட்டோத் தொகுப்பும் கேட்பார்கள். 2008இல் நிக்கோன் டி90, கெனன் 5டி மார்க் 2 வந்ததிலிருந்து இந்த வகைக் கமராக்களில் வீடியோவும் எடுக்கலாம் என்பதால், ஒரு பொடியில் இரண்டு வேலையும் நடக்கும்.

வீடியோ கமரா எப்போது நல்லது? கூத்து எடுக்கும்போது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வடமோடியோ தென்மோடியோ, எந்த வகைக் கூத்தானாலும் இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். பழைய ஸ்டில் கமரா பலவற்றில் வீடியோ 29 நிமிடம் 59 செக்கனில் நின்றுவிடும். அரை மணித்தியாலத்தைத் தாண்டிப் பதிந்தால் ஐரோப்பியச் சுங்கத்தில் அதை வீடியோ கமராவாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள் என்பதால் கம்பனிகளே வைத்த எல்லை அது. அதற்கும் முந்திய மொடல்களில் 4 ஜிபி நிரம்பியதும், ஏறத்தாழ 12 நிமிடத்தில், பதிவு நிற்கும். உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கமராக்கள் பலவற்றில் இந்த எல்லை இல்லை, ஆனால் சூடு இருக்கிறது. வைகாசி மாதத்து மட்டக்களப்பில், கைப்பிடியளவு பொடிக்குள் ஒளியைப் பதிகிற பெரிய சென்சர் மணிக்கணக்காக வேலை செய்தால் என்ன ஆகும்? நின்றுவிடும். அதுவும் கூத்தை நடத்துகிற அண்ணாவியார் நல்ல விருத்தம் எடுக்கிற நேரம் பார்த்து நிற்கும். ஹேண்டிகேம் என்கிற ஒரு சாதாரண கை வீடியோ கமராவை ஸ்டாண்டில் ஏற்றி, மின்சாரத்தில் செருகிவிட்டால் விடியும்வரை அது பாட்டுக்கு ஓடும். களரியின் மறுபக்கம் நிற்கிற முகத்தையும் சூம் செய்து பிடிக்கும்.

அதனால் கலியாண வீடு, சாமத்திய வீடு, பள்ளிவாசல் கொடியேற்றம் என்று எடுத்து உழைக்கப் போகிறவருக்கு வீடியோ கமரா நல்ல முதலீடு. அதில் உழைத்த காசில் படிக்கப் போகிற திட்டம் என்றால் நான் மறுக்க மாட்டேன். அது தொழில் தொடங்குவதற்கான கணக்கு. படிப்பதற்கான கணக்கு வேறு.

இனி என்னை அதிகம் எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணே, ஸ்டில் கமராவில எடுத்தா பின்னால மங்குமே, அதான் சினிமா லுக்."

இல்லை. இல்லவே இல்லை.

பின்புலம் மங்குவதற்குக் காரணம் மூன்று: லென்ஸின் நீளம் (குவியத் தூரம்), லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துவாரத்தின் அகலம், ஆள் நிற்கிற தூரம். பெரிய சென்சருக்கு அதே சட்டகத்தைப் பிடிக்க நீளமான லென்ஸ் தேவைப்படும், அதனால் மங்கும். ஹேண்டிகேமின் சென்சர் சில மில்லிமீற்றர் அகலம்தான். இடைத்தர ஸ்டில் கமராவின் ஏபிஎஸ்-சி சென்சர் கிட்டத்தட்ட 22 மில்லிமீற்றர். பழைய 35 மில்லிமீற்றர் சினிமாப் பிலிமில் படம் விழுந்த அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, இந்தக் கமராவில் சினிமாவுக்கு நெருக்கமான அளவு கிடைக்கிறது என்பது உண்மை. அதை எடுத்துக்கொண்டு "மங்கினால்தான் சினிமா" என்று முடிவு கட்டுவதுதான் பிழை.

1941இல் வந்த சிட்டிசன் கேன் படத்தை எடுத்துப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலன்ட், முன்னால் இருப்பவரும் தூரத்து வாசலில் நிற்பவரும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பாடுபட்டு எடுத்தார். நிறைய விளக்குப் போட்டு, துவாரத்தை மூடி, அகல லென்ஸ் பூட்டி. உலகம் முழுக்கப் பள்ளிகளில் காட்டிப் பாடம் நடத்துகிற படம் அது. மங்கல்தான் சினிமா என்றால் அது என்ன, செய்தித் துண்டா?

என்னிடம் படிக்கிற ஒருவன் கல்லடிப் பாலத்தில் வைத்து ஒரு காட்சி எடுத்து வந்தான். விடியற்காலையில் போய், வாகனம் குறைந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறான். உழைப்பு நல்ல உழைப்பு. படத்தில் பாலத்தைக் காணவில்லை. வாவியையும் காணவில்லை. பையனுடைய முகமும், பின்னால் பழுப்பாக ஒரு பூச்சும். இதை உன் வீட்டுச் சுவருக்கு முன்னால் வைத்து எடுத்திருக்கலாமே மகன் என்றேன். கோபித்துக்கொண்டான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஏபிஎஸ்-சி பொடியில் 50 எம்எம் லென்ஸைப் பூட்டி, துவாரத்தை எஃப் 1.8 வரை திறந்து (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்), இரண்டு மீற்றரில் ஆளை நிறுத்தினால் தெளிவாக இருப்பது ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் ஆழம் மட்டும். நடிக்கிறவர் வசனம் பேசிக்கொண்டு கொஞ்சம் முன்னே சாய்ந்தால் கண் போய்விடும். பெரிய படப்பிடிப்பில் ஃபோகஸ் பிடிக்கவென்று தனியாக ஓர் ஆள் நிற்பார். உங்களுக்கு யார் நிற்கிறார்? எஃப் 5.6க்கு மூடுங்கள், மும்மடங்கு ஆழம் கிடைக்கும். நடிகரும் மூச்சு விடலாம்.

வெயிலுக்கும் இதே கதைதான். பாசிக்குடாவில் நடுப்பகலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் (ஒளி விழுகிற நேரம்) 1/50 செக்கன் என்று வைத்தால் துவாரத்தை எஃப் 22 வரை மூட வேண்டும். அங்கேயும் மங்க வேண்டும் என்று எஃப் 2.8க்குத் திறந்தால் ஆறு ஸ்டொப் (ஒவ்வொரு ஸ்டொப்பும் இரட்டிப்பு) வெளிச்சம் கூடிப்போகும். வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி கண்ணாடி வாங்காத பிள்ளைகள் ஷட்டரை 1/3200க்கு ஏற்றுகிறார்கள். பிறகு ஆள் ஓடுவது வெட்டி வெட்டித் தெரிகிறது. "கமரா பழுதோ அண்ணே?" என்று என்னிடமே கொண்டு வருகிறார்கள். தொழில்முறை வீடியோ கமராவில் என்டி உள்ளேயே இருக்கும், ஸ்டில் கமராவில் இருக்காது. அதற்கும் காசு ஒதுக்குங்கள்.

ஒலி. கமராவில் இருக்கிற மைக்கில் வசனம் பதியாதீர்கள். கல்லடிக் கடற்கரைக் காற்றில் அது வசனத்தைத் தின்றுவிடும். ஆள் பேசாத இடைவெளியில் தானாகச் சத்தத்தைக் கூட்டி இரைச்சலை வேறு தூக்கிக் கொடுக்கும். வாங்குகிற பொடியில் மைக் துளை இருக்கிறதா, ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கெனன் 200டியில் மைக்குக்கு மட்டும் உண்டு, 80டியில் இரண்டும் உண்டு. கமராவுக்கு என்று வைத்திருக்கிற காசில் பாதியை மைக், ஸ்டாண்ட், மேலதிகப் பற்றரி, கார்ட் ஆகியவற்றுக்கு வைத்துவிட்டு, மீதிக்கு எந்தப் பொடி வருகிறதோ அதை வாங்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். 4கே (மிகக் கூர்மையான வீடியோ) இல்லாவிட்டால் குடி மூழ்கிப் போகாது.

பாவித்த கமரா வாங்குகிறவர்களுக்கு. ஜப்பானில் விற்ற பொடி மலிவாக வரும். சிலவற்றில் மெனு ஜப்பான் மொழியில் மட்டும்தான், மாற்றவே முடியாது. ஹேண்டிகேம் என்றால் 50 ஹெர்ட்ஸ் முறை அதில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செக்கனுக்கு 30 பிரேமில், ஷட்டர் 1/60இல் எடுத்தால் மண்டபத்து டியூப் லைட்டுக்குக் கீழே படம் துடிக்கும், எடிற்றிங்கில் அதை ஒழுங்காகத் திருத்த முடியாது.

ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று காட்டுகிற ஷட்டர் கவுண்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வீடியோ ஓடும்போது ஷட்டர் ஒருமுறை திறந்து அப்படியே நிற்கும். நாளெல்லாம் கலியாண வீடியோ எடுத்துக் காய்ந்த பொடியிலும் கவுண்ட் சின்னதாகத்தான் காட்டும். வாங்க முன் இருபது நிமிடம் தொடர்ந்து வீடியோ ஓடவிடுங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பங்கஸ் (பூஞ்சணம்). "துடைச்சா போயிரும்" என்பார்கள். போகாது, உள்ளே இருக்கிறது. நான் கழற்றித் துடைத்துக் கொடுத்தாலும் கண்ணாடியின் பூச்சை அது தின்றிருந்தால் அந்தத் தழும்பு நிற்கும்.

நல்ல லென்ஸும் இங்கே ஒரு மாரி மழைக்குள் பங்கஸ் பிடித்துவிடும். வாவிக் காற்றும் கடற்காற்றும் சேர்ந்த ஊர் இது. கமராவைத் துணிப் பையில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றைக்கே துடைத்து வையுங்கள். நாளைக்கு என்றால் உப்பு உங்களுக்காகக் காத்திராது.

2022இல் ரூபா விழுந்த பிறகு புதுக் கமராவின் விலை எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாடகைக்கு எடுத்து ஒரு சனி, ஞாயிறு ஸ்டில் கமராவில் எடுத்துப் பாருங்கள், அடுத்த கிழமை வீடியோ கமராவில் எடுத்துப் பாருங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாடகைக்குக் கொடுக்கிற ஸ்டூடியோக்காரர் இருக்கிறார்கள். பாவித்த பொடிக்கு விலை பேசியிருந்தால் முற்பணம் கட்ட முன் கொண்டுவந்து காட்டுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு எடுப்பதில்லை.