வீட்டிலிருந்து செய்தாலும் அது உத்தியோகம்தான்

"நீங்க வீட்டுலதானே இருக்கிறீங்க?"

கொழும்புக் கம்பனிகளுக்கு இங்கிருந்தபடியே வேலை செய்யும் பிள்ளைகள், தங்கள் மனேஜர் சொன்னதாக என்னிடம் வந்து சொல்லும் வசனம் இது. மட்டக்களப்பில் தொழில் சட்ட வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணியான எனக்கு, இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கொரோனாவுக்குப் பிறகு கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று எல்லா இடத்திலும் இப்படி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். போர்டிங் வாடகை இல்லை, அம்மா அப்பாவோடு இருக்கலாம். நல்ல விடயம்தான். ஆனால் அந்த வசதிக்கு விலையாக உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பலர் நம்பிவிட்டார்கள்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். கணக்குப் பிரிவில் வேலை, காலை 8.30க்குக் கமெரா போட வேண்டும், மாலை 5.30க்கு முடியும். வட்ஸ்அப்பில் இரவு 10.40க்கு, "அந்த ஷீட்டை இப்பவே அனுப்புங்க." 11.25க்கு இவர் அனுப்பிய கோப்பு. மேலே தள்ளத் தள்ள, மாதக்கணக்கில் அதே கதை. ஓ.டி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) கேட்டதற்குத்தான் அந்த வசனம் பதிலாக வந்திருக்கிறது.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். நிறைவேற்றுத் தரப் பதவிகளுக்கு விலக்கு உண்டு; அதனால் 'எக்சிகியூட்டிவ்' என்று பெயர் மட்டும் பெரிதாகத் தந்தால் கவனியுங்கள். அந்தத் தங்கச்சியிடம் நான் சொன்னது, "மகள், ஒரு மெசேஜையும் அழிக்காதீங்க." நேரம் பதிவான அந்த மெசேஜ்கள்தான் அவருடைய வரவுப் பதிவேடு.

இதைவிடப் பெரிய அநியாயம் 'கன்சல்டன்ட்' ஒப்பந்தம். நேரத்தைக் கம்பனி தீர்மானிக்கிறது, லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், வேறு இடத்தில் வேலை செய்யவும் முடியாது. ஆனால் கடதாசியில் நீங்கள் ஊழியர் இல்லை! வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை, கடதாசியில் உள்ள பெயரோடு நிற்பதில்லை. உண்மையில் வேலை எப்படி நடந்தது, யார் கட்டுப்படுத்தினார்கள் என்று பார்க்கும்.

ஊழியர் இல்லை என்று சொல்வதால் என்ன இழக்கிறீர்கள்? 60,000 ரூபாய் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கலாம். முதலாளி தன் கையிலிருந்து அதே நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். முதலாளி போடும் இந்த இரண்டும் சேர்ந்தே மாதம் 9,000 ரூபாய். மூன்று வருடத்தில் 3,24,000. அந்த 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே வெட்டுகிற இடங்களும் உண்டு, அது சட்டவிரோதம். சம்பளப் பற்றுச்சீட்டில் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் தொழில் அலுவலகத்தில் நீங்களே முறைப்பாடு கொடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது.

வேலையை விட்டு நிறுத்த நினைக்கும் மனேஜர், பெரும்பாலும் ஒரு ஸூம் அழைப்பில் அன்பாகப் பேசி, "நீங்களே ஒரு ரிசைன் மெயில் போட்டிடுங்க, நல்ல சர்ட்டிபிகேட் தாறோம்" என்பார். அழைப்பு முடியுமுன் பலர் அந்த மெயிலை அனுப்பிவிடுகிறார்கள். விரும்பி விலகியதாக மெயில் இருந்தால், அநியாயமாக நிறுத்தினார்கள் என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். "யோசிச்சுச் சொல்றன்" என்று அழைப்பை முடியுங்கள். நிறுத்தினால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏழாவது மாதத்தில் என்னிடம் வருபவர்களுக்கு அந்த வழி மூடிவிடுகிறது.