கதவு எண் மாறினாலும் வந்து சேரும் பேட்ச்

வேளச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, 'தமிழ்'னா மூணு எழுத்துதானே? இது ஏன் அஞ்சுன்னு காட்டுது?"

கணக்கு சரிதான். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'மி' என்பது இரண்டு குறிகள்: 'ம' ஒன்று, மேலே வளையும் இகரக் குறி ஒன்று. 'ழ்' என்பதும் 'ழ', புள்ளி என்று இரண்டு. முன்னால் இருக்கும் 'த'வைச் சேர்த்தால் ஐந்து. பைத்தான் நிரல்மொழியில் கேட்டாலும் 5 என்றுதான் வரும். அவள் பயன்படுத்திய, யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய திறந்த மூலக் கருவியின் கையேட்டில்தான் பிழை இருந்தது. 'எழுத்துகளை எண்ணும்' என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியால் எத்தனை பேர் தங்கள் நிரலில்தான் கோளாறு என்று ராத்திரியெல்லாம் தேடியிருப்பார்களோ! கையேட்டுப் பிழையும் மென்பொருள் பிழைதான் என்பது என் உறுதியான எண்ணம். "நீயே திருத்தி அனுப்பு" என்றேன்.

திருத்தம் அனுப்ப முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் போதும். இப்படி அனுப்பும் திருத்தத்துக்குத்தான் 'பேட்ச்' என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பது 'டிஃப்' என்ற நிரல். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கியது. இரண்டு கோப்புகளிலும் வரிசை மாறாமல் பொதுவாக வரும் வரிகளில் மிக நீண்ட தொடரை அது தேடும். அதில் சேராமல் நிற்பவைதான் மாற்றங்கள். அவள் திருத்தம் இப்படி வந்தது:

@@ -41,7 +41,7 @@
-இந்தக் கட்டளை எழுத்துகளை எண்ணும்.
+இந்தக் கட்டளை யூனிகோடு குறிகளை எண்ணும். 'தமிழ்' என்றால் 5.

கழித்தல் குறி போட்ட வரி போக வேண்டும், கூட்டல் குறி போட்டது வர வேண்டும். மேலே உள்ள எண்கள், 41-வது வரியில் தொடங்கி ஏழு வரிகளைப் பார் என்று சொல்கின்றன. மாறியது 44-வது வரி ஒன்றுதான். மீதி ஆறும், அதற்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று தொடாமல் அப்படியே வரும் வரிகள். இங்கே இடம் கருதி விட்டிருக்கிறேன். தொடாத வரிகள் எதற்கு?

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். புதிய எண் 14, பழைய எண் 27 என்று பலகையில் இரண்டும் இருக்கும். எண்ணை மட்டும் நம்பிப் போனால் தெரு முழுக்க நடக்க வேண்டியதுதான். "பிள்ளையார் கோயிலுக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடுவுல பச்சை கேட்" என்றால் நேராகப் போய் நிற்கலாம். அந்த ஆறு வரிகள்தான் கோயிலும் இஸ்திரி வண்டியும்.

வந்த திருத்தத்தைக் கோப்பில் சேர்க்க 1985இல் லாரி வால் எழுதிய நிரலுக்கும் 'பேட்ச்' என்றுதான் பெயர். அது இப்படித்தான் வீடு தேடுகிறது. முதலில் சொன்ன எண்ணில் பார்க்கும். அங்கே அடையாள வரிகள் இல்லையென்றால் மேலும் கீழும் நகர்ந்து தேடும். அப்போதும் பொருந்தாவிட்டால் ஓரத்து அடையாள வரி ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்துப் பார்க்கும். அதற்கும் சரிப்படாவிட்டால் அந்த இடத்தைத் தொடாமல், திருத்தத்தின் அந்தத் துண்டைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிடும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் 'கிட்' கருவி, எண் நகர்ந்தால் பரவாயில்லை என்கிறது. ஆனால் அடையாள வரிகளைத் தானாக விட்டுக்கொடுப்பதில்லை.

கையேட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிஃப்புக்குத் தெரிந்தது வரி மட்டும்தான், வாக்கியம் தெரியாது. முதலில் அவள் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, பத்தி அழகாக இருக்கட்டும் என்று வரிகளை மடித்துச் சீராக்கினாள். பத்தியில் இருந்த ஒன்பது வரியும் மாறியதாகக் காட்டியது. பரிசீலிப்பவர் அதில் எந்தச் சொல் மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதனால்தான் பல திட்டங்களில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதச் சொல்கிறார்கள். வரி முடிவில் தவறுதலாக விழும் ஒரு வெற்றிடம்கூட மாற்றமாகவே கணக்காகும். எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு ஒரே வரியை மாற்றினாள். ஏன் மாற்றினோம் என்பதற்கு மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

நான்கு நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் வேறு யாரோ கையேட்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு வரி சேர்த்திருந்தார்கள். அவள் அனுப்பிய வரி 56-வது வரியாகப் போய் உட்கார்ந்திருந்தது.