பாஸ்புக்கில் தெரியாத 199 ரூபாய் போயிருந்தால்

தங்கச்சிமடத்தில் தெரிந்த அக்கா ஒருவர் பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8000 ஏறிருக்கு, மறுநாளே அதுல 199 போயிருக்கு, எவன் எடுத்தான்னு பாரு" என்றார். பார்த்தால் ஜனவரியில் இருந்தே மாதாமாதம் அதே 199. பக்கத்தில் 'யுபிஐ மேண்டேட்' என்று அடித்திருந்தது, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ள நாம் கொடுக்கிற அனுமதி. அரையாண்டு லீவில் பையன் படம் பார்க்கிற ஆப் ஒன்றை ஒரு ரூபாய்க்குக் கேட்க, ஒரு ரூபாய்தானே என்று அக்காவே பின் நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆப்பை எப்போதோ அழித்தாயிற்று, ஆனால் ஆப்பை அழித்தால் மேண்டேட் அழியாது.

இதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் கார்டிலோ யுபிஐயிலோ மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க வேண்டுமென்றால், முதல் தடவை நீங்கள் ஓடிபியோ பின்னோ போட்டு அனுமதித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 15,000 ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே பிடிக்கலாம், ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் யார், எவ்வளவு, என்றைக்கு என்று சொல்லி, வேண்டாம் என்று நிறுத்தவும் வழி கொடுத்துத் தகவல் அனுப்பியாக வேண்டும். அந்தத் தகவல் இங்கிலீஷில் வந்து, கடன் வேண்டுமா என்கிற விளம்பரங்களோடு கிடக்கும், யார் படிக்கிறார்கள்?

எந்த வழியாகப் போனது என்பதைப் பொறுத்துத்தான் நிறுத்துகிற இடம். யுபிஐ என்றால், பின் போட்ட அதே ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம், வங்கிக்கு அலைய வேண்டாம். கார்டு என்றால் வங்கி ஆப்பில் மேண்டேட் பட்டியலில் நிறுத்தலாம், தெரியாவிட்டால் கிளையில் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு இணையதளம் பிடிக்கிறது என்றால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையே அணைத்து வைக்கலாம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பயப்படுவார்கள், ஆனால் அதைச் செய்தாலும் வளைகுடாவில் இருந்து வருகிற பணம் நிற்காது.

சரி, யாருமே அனுமதிக்காமல் போயிருந்தால்? அது வேறு கதை, அங்கே நாள்தான் முக்கியம். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, உங்கள் மேலும் தப்பில்லை, வங்கி மேலும் தப்பில்லை, வெளியே எவனோ எடுத்தான் என்றால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் முழு நஷ்டமும் வங்கியுடையது. 4 முதல் 7 நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 வரையும் ஜீரோ பேலன்ஸ் கணக்கில் 5,000 வரையும் உங்கள் தலையில் விழும். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கி வைத்ததுதான் சட்டம். விசைப்படகில் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாள் ஓடிவிடும், அதனால் வீட்டில் இருப்பவர்கள் செய்தியைப் பார்க்கப் பழகுங்கள். ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம்தான்.

மோசடி என்று தெரிந்தால் அப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள், பிறகு வங்கிக்கு. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பார்க்கிறோம்" என்றால் அது புகாரே இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி மட்டும் கூப்பிடாதீர்கள், போலி எண்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கார்டின் பின்பக்கத்தில் இருக்கிற எண் போதும்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். மே, ஜூன் சமயத்தில் 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருந்தால் அது பிரதமர் பெயரில் இருக்கிற விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும். ஒவ்வொன்றும் 2 லட்சம். கடலுக்குப் போகிற வீட்டில் அந்த 20 ரூபாயைத் திருட்டு என்று நினைத்து ரத்து செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் மேண்டேட்டை ரத்து செய்தாயிற்று, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போன 199 வராது, அவர் பின் போட்டதுதானே. காசு கட்டியதற்கு இந்த மாதக் கடைசி வரை பையன் படம் பார்க்கலாமே என்றேன். அக்கா போனைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.