‘திடீர்னு வெடிச்சிட்டாரு’ என்று சொல்லும் முன்

மனநல மருத்துவரிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன: “நல்லாத்தான் இருந்தாருங்க டாக்டர், திடீர்னு வெடிச்சிட்டாரு.” பொங்கிட்டாரு, கொந்தளிச்சிட்டாரு, சாமி வந்த மாதிரி ஆடிட்டாரு என்று ஊருக்கு ஊர் சொல் மாறும். ‘திடீர்னு’ மட்டும் மாறாது. நான் அந்தத் திடீரை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. முந்தைய இரண்டு மூன்று வாரங்களைப் பற்றிக் கேட்பேன். எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது விழித்தார், தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார், யாருடைய போனை எடுக்காமல் விட்டார்?

விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரை மனைவி அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரவுச் சாப்பாட்டின்போது மகன் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்க, தட்டைத் தூக்கி எறிந்து டிவியை உடைத்துவிட்டார். அதுவரை வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர். கேட்கக் கேட்கத்தான் மற்றவை வந்தன. மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, ஓடாத தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வாரக் கடன் வசூலிக்க ஆள் வரும் நாளில் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுகிறார். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: “தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன.”

“அவர் எப்பவும் பழமொழியாத்தான் பேசுவாருங்க” என்றார் மனைவி.

நம் பேச்சில் நெருக்கடியைச் சொல்ல எத்தனையோ வழிகள் உண்டு. ‘நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு’ என்பவரிடம் பதற்றம் இருக்கிறது. ‘கடன் கழுத்தை நெரிக்குது’ என்பவர் இன்னும் திமிறிக்கொண்டிருக்கிறார். ‘சாண் என்ன, முழம் என்ன’ என்பவர் கையை விட்டுவிட்டார். நான் அதிகம் பயப்படுவது இதைக் கேட்டுத்தான். கூடவே விடியுமுன் விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, ஆளைத் தவிர்ப்பது எல்லாம் சேர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்களிடம் இந்த நோய் பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வருவதால், வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவரிடம் நேராகவே கேட்டேன்: “செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களா?” கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தலையசைத்து அழுதார். இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே வந்திருந்தால், அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் கிடைக்கிறது.

அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பல சமயம் சிறியது. அதைக் கடத்திவிட்டால் உதவிக்கு வழி திறக்கும். அதனால்தான் வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்கிறோம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முயற்சியே நடந்திருக்கிறது. சென்னையில் 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் முன்னின்று செய்த ஆய்வு அது.

சரி, வெடிக்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது? நம் வீடுகளில் உடனே கூட்டம் சேர்ந்துவிடும். மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு “ஊர் உலகத்துல யாருக்குத்தான் கஷ்டம் இல்ல?” என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். ஒருவர் மட்டும், குரலைத் தாழ்த்தி, குறைவாகப் பேசட்டும். வாசலை மறித்து நிற்காதீர்கள். நியாய அநியாயத்தை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனைவியை அடித்துவிட்டு “கோபத்துல வெடிச்சிட்டேன் டாக்டர்” என்று வருபவர்கள் உண்டு. மேலதிகாரியிடம் எத்தனை முறை வெடித்தீர்கள் என்று கேட்பேன். ஒரு முறைகூட இருக்காது. அலுவலகத்தில் பத்து மணி நேரம் அடங்கியிருக்கும் கோபம் வீட்டுக்குள் நுழைந்ததும் மட்டும் அடங்க மறுக்கிறது என்றால், அந்த அடிக்கு அவர்தான் பொறுப்பு. அந்தப் பெண்ணிடம் “பொறுத்துப் போம்மா” என்று நான் சொல்ல மாட்டேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுப்பேன்.

குடியைப் பற்றியும் சுருக்கமாக. தினமும் நிறையக் குடித்தவர் சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒரேயடியாக நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாத ஆட்கள் தெரிவது, கூச்சல். வீட்டில் சாமி குற்றம் என்பார்கள். அது உயிருக்கே ஆபத்தான மருத்துவ நெருக்கடி. கோயிலுக்கோ பூசாரியிடமோ கூட்டிப்போய் நேரத்தைக் கழிக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாலை போடும் எண்ணம் இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை வழக்குக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பல வாரம் கொதித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் காரணமே இல்லாமல் அமைதியாகி, கணக்குவழக்கை ஒப்படைத்து, சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள், தனியாக விடாதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, கூட இருப்பவரும் அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.