35இல் ஒரு பங்கு உலர்புல்

டாங்கி ஒன்றின் 1/35 அளவு மாதிரியை ஒட்டி, வண்ணம் பூசி, இரண்டாம் உலகப் போர்க்காலமான 1944 ஜூன் மாதத்துப் பிரான்சின் நார்மண்டிப் பண்ணை முற்றம் ஒன்றில் நிறுத்திக் காட்ட விரும்புபவர் பெரும்பாலும் தடுமாறுவது அதன் பின்னால் நிற்க வேண்டிய புற்போரில்தான். கோடைத் தொடக்கம் அங்கே புல் அறுத்து உலர்த்தும் பருவம் என்பதால் அதை விட்டுவிடவும் மனம் வராது. ஆனால், கையில் கிடைத்த நாரை நறுக்கிக் குவித்தால் அது சுள்ளிக் குவியலாகவோ பஞ்சுப் பொதியாகவோ தோன்றுகிறதே தவிர, புல்லாகத் தோன்றுவதில்லை. இதற்குக் காரணம் கைத்திறன் குறைவு மட்டுமன்று. பொருள்களைச் சிறிதாக்கும்போது அவற்றின் எடையும் விறைப்பும் நீரோடு அவை கொள்ளும் உறவும் ஒரே விகிதத்தில் சிறிதாவதில்லை என்பதும் ஆகும்.

முதலில் சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். நாம் வைக்கோல் என்பது கதிரடித்து நெல்லைப் பிரித்த பின் எஞ்சும் தாள். ஐரோப்பியப் பண்ணைகளில் குளிர்காலத் தீவனத்துக்காகப் போராகக் குவித்து வைப்பதோ, பூக்கும் பருவத்திலேயே இலையோடு அறுத்து வெயிலில் காயவைத்த புல். அது வைக்கோலை விட மெலிந்தது. இலையும் தண்டும் கலந்து கிடப்பது. முழு மஞ்சளாக மாறாமல் சாம்பல் தோய்ந்த பச்சையைத் தக்கவைத்திருப்பது. பொன்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் புற்போரை மாதிரிக் காட்சிகளில் காணும்போதெல்லாம், அதைச் செய்தவர் மனத்தில் கோதுமைத் தாள் இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

அடுத்தது பருமன். புல் தண்டு ஒன்றின் குறுக்களவை 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1/35 அளவில் அது 0.086 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்பதால், 30 சென்டிமீட்டர் தொலைவில் அது தனித்தனியாகக் காணக்கூடிய மிகச் சிறிய அளவும் ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டரே. ஆகவே சரியான பருமனுள்ள நார் தனிக் கோடாகத் தெரிவதற்கும் பரப்பின் சொரசொரப்பாகக் கரைந்துபோவதற்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கிறது. உலர்புல்லின் மென்மைத் தோற்றம் அந்த எல்லையில்தான் பிறக்கிறது. 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள கற்றாழை நாரை இட்டால், அது 7 மில்லிமீட்டர் தடித்த தண்டுக்கு, ஏறக்குறைய ஒரு பென்சிலுக்குச் சமமாகிவிடும். தேங்காய் நார் அதனினும் மோசம். ஏறத்தாழ 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை பிரியக்கூடிய சணல் நாரே இந்த அளவுக்குப் பொருந்துகிறது.

மளிகைக் கடைச் சணல் நூலை முறுக்கவிழ்த்து, வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பேன் சீப்பால் வாரினால் நார்கள் பிரிந்துவரும். முறுக்கின் நெளிவு முழுதும் போய்விடாமல் சிறிது எஞ்சட்டும். உண்மையான புல்லும் நேர்கோடாகக் காய்வதில்லை. முழுதாகப் பிரியாமல் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இழைகளையும் எறிய வேண்டாம், அவை இலைகளாகப் பயன்படும். அரை மீட்டர் தண்டு 14 மில்லிமீட்டராகும் என்பதால், 6 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஒழுங்கின்றி நறுக்கிக்கொள்ளலாம்.

இதுவரை செய்தது சரியாக இருந்தும், குவித்த நார் முள்ளம்பன்றியைப் போலச் சிலிர்த்து நிற்பதைக் காணலாம். ஒரு முனையில் பிடித்த தண்டு தன் எடையால் எவ்வளவு தாழ்கிறது என்பதை அதன் நீளத்தோடு ஒப்பிட்டால், அந்த விகிதம் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் பருமனின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. பொருள் அதேதான் என்று வைத்துக்கொண்டு நீளம், பருமன் இரண்டையும் 35 மடங்கு குறைத்தால், வளைவும் 35 மடங்கு குறைந்துபோகும். வயலில் புற்போரை நாளுக்கு நாள் அமுக்கிப் படியவைக்கும் புவியீர்ப்பு, மேசையின் மீது ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. அந்த வேலையை விரலும் நீரும்தான் ஏற்க வேண்டும். சணலின் செல்லுலோஸ் மூலக்கூறுகளிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்துவதால் ஈர நார் எளிதில் வளையும். அழுத்திய நிலையிலேயே உலரவிட்டால் பிணைப்புகள் புதிய வடிவில் மீண்டும் அமைந்து அந்த வளைவை நிலைநிறுத்தும். பருத்திச் சட்டையில் நீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதே வித்தைதான்.

நீர் இப்படி உதவினாலும் அதனால் ஒரு தொல்லையும் உண்டு. எடை பொருட்டாகாத இந்த அளவில் பரப்பு இழுவிசை பெரும் வலிமை பெற்றுவிடுவதால், நனைத்த தூரிகையின் மயிர்கள் ஒரே முனையாகச் சேர்வதைப் போல நார்கள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கின்றன. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை நீரில் கரைக்கும்போது பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளி சேர்த்தால், அந்த இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கி, பசை கற்றைகளை உண்டாக்காமல் உள்ளே ஊறிச் செல்லும்.

புற்போர் முழுவதையும் நாரால் நிரப்பத் தேவையில்லை. 3 மீட்டர் உயரப் போருக்கு 8.6 சென்டிமீட்டர் தெர்மோகோல் கூம்பு ஒன்றைச் செதுக்கி, வெண்மை தெரியாதபடி பழுப்பு வண்ணம் பூசி, மெல்லிய அடுக்குகளாக நாரை ஒட்டினால் போதும். கரைப்பான் கலந்த பசைகள் தெர்மோகோலை அரித்துவிடும் என்பதால் இங்கும் வெள்ளைப் பசைதான் ஏற்றது. மழைநீர் வழிந்தோடுவதற்காக உழவர்கள் வெளிப்புறப் புல்லைக் கீழ்நோக்கி வாரிவிடுவார்கள். நாமும் கடைசி அடுக்கை அவ்வாறே சீவிவிட வேண்டும். சுற்றியுள்ள அறுவடை நிலத்துக்கு, பசையின் மீது மின்புலத்தால் நிமிர்த்தி ஒட்டப்படும் 2 மில்லிமீட்டர் நைலான் இழைகள் பொருத்தமானவை, ஏனெனில் அவை 7 சென்டிமீட்டர் அடித்தாளாகக் கணக்காகின்றன. உருளை வடிவப் பெருங்கட்டுகளை மட்டும் இக்காட்சியில் வைத்துவிடக் கூடாது. அவை 1970களில் பரவியவை.

வெள்ளைப் பசை காய்ந்தபின் மினுங்கும் என்பதால், ஒளியைச் சிதறடிக்கும் மங்கல் வார்னிஷைத் தெளித்துவிட்டு நிறத்துக்கு வரலாம். வெயில் படும் வெளிப்பரப்பில் பச்சையம் சிதைந்து புல் வெளுத்துவிடும், உட்புறமோ பச்சை மாறாமல் இருக்கும். அக்காலத்துப் பண்ணையாட்கள் தீவனத்துக்குத் தேவையான அளவை நீண்ட கத்தியால் போரின் ஒரு பக்கத்திலிருந்து பாளம் பாளமாக அறுத்தெடுத்தார்கள். ஆகவே கூம்பின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, அந்த முகத்தில் மட்டும் நாரைக் கிடைமட்டமாக அடுக்கி, நீர்த்த ஆலிவ் பச்சையைப் பூசி, அதன் காலடியில் நறுக்கும்போது உதிர்ந்த சணல் தூசியைத் தூவிவிடலாம்.