அமெரிக்கப் பள்ளியில் வீட்டு மொழிப் படிவம்: தமிழ் என்று எழுதப் பயப்பட வேண்டாம்

அமெரிக்காவில் பிள்ளையை பப்ளிக் ஸ்கூலில் சேர்க்கப் போனால் நீட்டப்படும் படிவங்களில் வீட்டு மொழி பற்றியதும் ஒன்று. பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று சில கேள்விகள்தான். இதில் தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஓரங்கட்டிவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடும் நம்மவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சட்டப்படி பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி அந்த இடத்திலேயே நின்றுபோகலாம்.

தமிழ் என்று எழுதினால் அடுத்து ஒரு தேர்வு, அவ்வளவுதான். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பார்ப்பார்கள். ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது சொல் என்பார்கள். கலிஃபோர்னியாவில் இந்தத் தேர்வுக்கு எல்பேக் (ELPAC) என்று பெயர், பல மாநிலங்களில் விடா (WIDA) என்ற தேர்வு, நியூயார்க் போன்றவை சொந்தமாகத் தேர்வு வைத்திருக்கின்றன. ஆங்கிலம் போதுமான அளவு வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. வராவிட்டால்தான் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்று பதிவாகி உதவி வகுப்பு தொடங்கும்.

இந்த உதவி பள்ளி போனால் போகிறது என்று தருவதல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீன வம்சாவளிப் பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட லாவ் வழக்கில், எல்லாருக்கும் ஒரே புத்தகம் ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்று 1974இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1981இல் காஸ்டன்யேடா வழக்கின் தீர்ப்பு இன்னும் கறாரானது: கற்பிக்கும் முறைக்கு அறிவார்ந்த அடிப்படை இருக்க வேண்டும், அதை நடத்த ஆளும் வசதியும் வேண்டும், பலன் தருகிறதா என்று பார்த்து, தராவிட்டால் மாற்ற வேண்டும். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது இந்த மூன்றையும் கேள்வியாகவே கேளுங்கள்.

பிள்ளை இப்படிப் பதிவானால், பள்ளியாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் உங்களுக்குக் கடிதம் வர வேண்டும், நடுவில் சேர்த்தால் உதவித் திட்டத்தில் சேர்த்து இரண்டு வாரத்துக்குள். பிள்ளையின் நிலை என்ன, எந்த முறையில் சொல்லிக்கொடுப்பார்கள், உதவித் திட்டத்திலிருந்து எப்போது வெளியே வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலம் உங்களுக்கே சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் காசு வாங்கக் கூடாது.

உதவி வேண்டாமென்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படி எழுதிக் கொடுத்தாலும் வருடாந்திர ஆங்கிலத் தேர்வைப் பிள்ளை எழுதியே ஆக வேண்டும், பெயரும் பட்டியலிலிருந்து போகாது. என்னைக் கேட்டால் அவசரப்பட்டு மறுக்காதீர்கள். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்து ஆங்கிலத்தைச் சீக்கிரமே பிடித்துவிடுவார்கள், ஆனால் அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியைப் படித்துக் காரணம் எழுதும் அளவுக்கு வரப் பல வருடங்கள் ஆகும். சரளமாகப் பேசுகிறானே என்று பெற்றோர் ஏமாந்துபோவது இங்கேதான்.

இன்னொரு பயம், இது ஸ்பெஷல் எஜுகேஷனோ என்பது. இல்லை, அது வேறு சட்டம். ஆங்கிலம் தெரியாததைக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. அப்புறம், நிஜமாகவே குறைபாடு உள்ள பிள்ளைக்கு, முதலில் ஆங்கிலம் வரட்டும் என்று அந்த உதவியைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் தேவையென்றால் இரண்டும் தர வேண்டும்.

திட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகும் குறைந்தது இரண்டு வருடம் பள்ளி கவனிக்க வேண்டும், பின்தங்கினால் திரும்ப உதவி கேட்கலாம். வருடாந்திர ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் தாளில் மொத்த எண்ணை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கில் எது இறங்கியிருக்கிறது என்று பாருங்கள், அதற்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள்.